கரஸில் படித்த பட்டம் செல்லுமா? சேர்வதும் முடிப்பதும்

வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது கட்டணம் எவ்வளவு என்று. அதற்கு அடுத்துதான், "கரஸில் படித்தால் செல்லுமா?", அதாவது கல்லூரிக்குப் போகாமல் தொலைநிலையில் படித்தால் செல்லுமா என்ற கேள்வி வருகிறது. இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். செல்லாத பட்டத்துக்கு எவ்வளவு குறைவாகக் கட்டினாலும் நட்டம்தான்.

கேள்விக்கு நேரான பதில்: செல்லும். திறந்தநிலை, தொலைநிலை, இணையவழிப் படிப்புகளுக்காகப் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2020இல் விதிமுறைகள் கொண்டுவந்தது. அவற்றின் 22ஆம் விதிப்படி, அனுமதி பெற்ற நிறுவனம் தொலைநிலையில் தரும் இளநிலை, முதுநிலைப் பட்டங்கள் கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டங்களுக்குச் சமம். இதையே 2022 செப்டம்பர் 2ஆம் தேதி ஓர் அறிவிப்பாகவும் யுஜிசி திரும்பச் சொன்னது. நேர்முகத் தேர்வில் யாராவது முகம் சுளித்தால் இந்த விதியைக் காட்டலாம்.

ஆனால் "அனுமதி பெற்ற" என்ற சொல்லைக் கவனியுங்கள். அனுமதி பல்கலைக்கழகத்தின் பெயருக்கு ஒட்டுமொத்தமாகக் கிடைப்பதில்லை. எந்தப் படிப்பு, எந்தக் கல்வியாண்டு, எந்தப் பருவம் என்று பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். ஒரே பல்கலைக்கழகத்தில் பி.காம்.முக்கு அனுமதி இருக்கும், எம்.எஸ்சி.க்கு இருக்காது. போன ஆண்டு இருந்தது இந்த ஆண்டு இல்லாமலும் போகலாம். டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இலும், மதுரை காமராசர் 1971இலும், அண்ணாமலை 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியவை. நம் வீடுகளில் அப்பாவோ சித்தியோ அப்படிப் படித்திருப்பார்கள். 'கரஸ்பாண்டன்ஸ்' சுருங்கிக் 'கரஸ்' ஆனது அந்தக் காலத்தில்தான். "சித்தி அங்கேதான் படித்தார்" என்பது சித்தியின் பட்டத்துக்குச் சரி. நீங்கள் சேரும் பருவத்துக்கு அனுமதி இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

அதைப் பார்க்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவுக்கு, டெப் என்று சுருக்கமாகச் சொல்வார்கள், தனி இணையதளம் இருக்கிறது. ஆண்டுவாரியாக, நிறுவனவாரியாக அனுமதி பெற்ற படிப்புகளின் பட்டியல் அதில் கிடைக்கும். உங்கள் படிப்பின் பெயர் அந்தப் பருவத்தின் பட்டியலில் இருக்கும் பக்கத்தைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு கழித்துப் பதவி உயர்வின்போது யாராவது கேட்டால் அந்த ஒரு பக்கம் உதவும்.

தொலைநிலையில் படிக்கவே முடியாத படிப்புகளும் உண்டு. பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், செவிலியம், சட்டம், வேளாண்மை, ஓட்டல் மேலாண்மை, சமையற்கலை, விமானப் பராமரிப்பு எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். எம்.ஃபில்., பிஎச்.டி.யும் அப்படியே. 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியல், நுண்ணுயிரியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல், உயிரித் தொழில்நுட்பம் ஆகியவற்றுக்கும் தொலைநிலையில் புதிய சேர்க்கை கூடாது என்று யுஜிசி சொல்லிவிட்டது. "கரஸில் சைக்காலஜி" என்று இன்னும் எங்காவது பேனர் தொங்கினால் தள்ளி நில்லுங்கள். பி.எட். இருக்கிறது, ஆனால் அதற்கு ஆசிரியர் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்பது போன்ற தனித் தகுதிகள் உண்டு. எல்லோரும் சேர்ந்துவிட முடியாது.

இனி பேனர்களுக்கு வருவோம். பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மாடியில், "எந்த யுனிவர்சிட்டி வேண்டுமானாலும், எந்த டிகிரி வேண்டுமானாலும்" என்று போட்டிருப்பார்கள். படிப்பு மையங்களைத் தனியாருக்குக் கிளை போலக் குத்தகைக்கு விடுவதை விதிமுறை தடுக்கிறது. கற்போர் உதவி மையம் என்றால் அது முறையான கல்வி நிறுவனத்துக்குள் இயங்க வேண்டும். எனவே மாடியில் இருப்பவர் அதிகபட்சம் உங்கள் விண்ணப்பத்தை நிரப்பித் தருபவர்தான். அந்த உதவிக்கு நூறு இருநூறு வாங்கினால் சரி. கல்விக் கட்டணத்தையே அவர் கையில் கொடுத்து, அவர் துண்டுச் சீட்டில் ரசீது எழுதிக் கொடுத்தால், பணம் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு உங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை.

"ஒரே சிட்டிங்கில் டிகிரி" என்று இன்னொரு ரகம் உண்டு. மூன்று ஆண்டுப் படிப்பை ஆறு மாதத்தில் முடித்து, பழைய தேதி போட்டுத் தருவதாகச் சொல்வார்கள். பட்டச் சான்றிதழைத் திருப்பிப் பாருங்கள். எந்த முறையில் படித்தார், எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தத் தேதியில் முடித்தார், தேர்வு மையம் எது என்பதை எல்லாம் பின்பக்கத்தில் அச்சிட வேண்டும் என்பது 2020 விதிமுறை. முன்பக்கத்தில் எவ்வளவு பெரிய முத்திரை இருந்தாலும், சரிபார்ப்பவர் பின்பக்கத்துத் தேதிகளைத்தான் பார்ப்பார். நீங்கள் அந்த ஆண்டுகளில் எங்கே வேலை பார்த்தீர்கள், பிளஸ் டூ எப்போது முடித்தீர்கள் என்பதோடு அவை பொருந்த வேண்டும்.

சரி, சேர்வது எப்படி? ஆண்டுக்கு இரண்டு பருவம்: ஜூலை–ஆகஸ்ட், ஜனவரி–பிப்ரவரி. கடைசித் தேதியை யுஜிசி அடிக்கடி நீட்டிக்கும். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். விண்ணப்பம் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில்தான். அதற்கு முன் இரண்டு எண்கள் வேண்டும். முதலாவது ஏபிசி ஐடி, அதாவது ஒரு மாணவரின் படிப்புக் கணக்கை இணையத்தில் சேர்த்துவைக்கும் எண், 12 இலக்கம். சான்றிதழ்களைச் சேமிக்கும் அரசு செயலியான டிஜிலாக்கரில் நாமே எடுக்கலாம். அதை வைத்து டெப் தளத்தில் டெப் ஐடி உருவாக்க வேண்டும். 2024ஆம் ஆண்டிலிருந்து இது இல்லாமல் தொலைநிலைச் சேர்க்கை கிடையாது.

பாதிப் பேர் சிக்குவது இங்கேதான், அதற்குக் காரணம் நம் இனிஷியல். ஆதாரில் 'கவிதா சண்முகம்' என்று இருக்கும், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'கவிதா எஸ்', பிளஸ் டூவில் 'எஸ். கவிதா'. ஆள் ஒருவர்தான், பெயர் மூன்று. டிஜிலாக்கர் ஆதாரில் உள்ளபடி பெயரை எடுத்துக்கொள்ளும்; பல்கலைக்கழகம் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துச் சேர்க்கும். பின்னால் பட்டத்தில் எந்தப் பெயர் வரும் என்று மூன்று வருடம் கவலைப்படுவதைவிட, சேர்க்கைக்கு ஒரு மாதம் முன்பே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி ஆதாரைத் திருத்திவிடுவது நல்லது. அப்புறம், இந்த ஐடிகளை உங்கள் சொந்தக் கைபேசி எண்ணில் உருவாக்குங்கள். பிரவுசிங் சென்டர்காரர் அவருடைய எண்ணைப் போட்டுவிட்டால், ஒவ்வொரு ஓடிபிக்கும் அவரைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

எந்தப் பல்கலைக்கழகம் என்பதில் என் கருத்து இது. தமிழில் படித்துத் தமிழில் எழுத விரும்பினால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ மற்ற மாநிலப் பல்கலைக்கழகங்களோ வசதி. 2002இல் தொடங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சென்னை சைதாப்பேட்டையில் இருக்கிறது. அடிக்கடி வெளிமாநிலத்துக்கு மாற்றலாகும் வேலை என்றால் இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், சரியாக வரும்; மண்டல மையத்தை மாற்றிக்கொள்ளலாம். சென்னையிலும் மதுரையிலும் அதற்கு மண்டல மையங்கள் உண்டு. ஆனால் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அது பல படிப்புகளில் கட்டண விலக்கு தருகிறது. கைபேசியில் படித்தால் போதும் என்பவர்களுக்கு அதன் பாடநூல்கள் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

அரசு வேலையை மனத்தில் வைத்துப் படிப்பவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிளஸ் டூ இல்லாமல் பட்டம் படிக்க ஒரு வழி இருக்கிறது. இக்னோவில் பிபிபி என்ற ஆயத்தப் படிப்பை முடித்துவிட்டு பி.ஏ. சேரலாம். படிப்பு ஆசைக்கு அது நல்ல வழி. ஆனால் தமிழ்நாடு அரசின் 18.8.2009 தேதியிட்ட 107ஆம் எண் அரசாணைப்படி, பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முடித்த பிறகு வாங்கிய திறந்தநிலைப் பட்டம்தான் அரசு வேலைக்கு எடுபடும். டிஎன்பிஎஸ்சி அறிவிக்கைகளில் வரும் '10+2+3 என்ற வரிசையில்' என்ற வரியின் பொருள் இதுதான். வரிசை முக்கியம். பட்டம் வாங்கிவிட்டுப் பின்னால் பிளஸ் டூ எழுதினால் அந்த வரிசை சரியாகாது. ஆகவே பிளஸ் டூவை விட்டவர்கள் முதலில் தனித்தேர்வராக அதை எழுதி முடிப்பதே உத்தமம். தமிழ் வழி ஒதுக்கீடு கேட்கும் எண்ணம் இருந்தால், சேரும்போதே பயிற்று மொழியாகத் தமிழைக் குறிப்பிட்டு, தமிழ் வழிச் சான்று தருவார்களா என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

கல்லூரியில் ஒரு பட்டம் படித்துக்கொண்டே தொலைநிலையில் இன்னொன்றும் படிக்கலாமா? 2022 ஏப்ரலிலிருந்து படிக்கலாம். இரண்டையும் தொலைநிலையிலேயே படிப்பதற்கும் தடையில்லை. தேர்வுத் தேதிகள் மோதினால் மட்டும் பல்கலைக்கழகம் பொறுப்பேற்காது.

இதுவரை சொன்னது சேர்வதைப் பற்றி. கரஸில் சேர்ந்தவர்கள் பட்டம் வாங்காமல் நின்றுபோவது பாடம் கடினம் என்பதால் மட்டும் இல்லை, தேதி தவறுவதாலும்தான். கல்லூரியில் மணி அடிக்கும், பியூன் சுற்றறிக்கை கொண்டுவருவார், வகுப்புத் தோழி "ஃபீஸ் கட்டிட்டியா?" என்று கேட்பாள். இங்கே யாரும் கேட்கமாட்டார்கள்.

இக்னோவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மற்ற இடங்களிலும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான். மதிப்பெண்ணில் 30 சதவீதம் அசைன்மென்ட்டுக்கு, 70 சதவீதம் பருவத் தேர்வுக்கு. தொடர் மதிப்பீடு 30க்கு மேல் போகக்கூடாது என்பது யுஜிசி விதி. இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும்: இளநிலைக்கு 35 சதவீதம், முதுநிலைக்கு 40. தேர்வில் 80 வாங்கிவிட்டு அசைன்மென்ட் வைக்காதவருக்கு அந்தப் பாடம் முடிந்ததாகக் கணக்கில் வராது. அசைன்மென்ட் கேள்விகள் பருவத்துக்குப் பருவம் மாறும். போன வருடக் கேள்விக்கு அழகாகப் பதில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் முதுகலை படித்தபோது ஆறு பாடங்களின் அசைன்மென்ட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை மையத்தில் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். ஒப்புகைச் சீட்டு கேட்கக் கூச்சமாக இருந்தது. மூன்று மாதம் கழித்து இணையத்தில் ஐந்து பாடத்துக்குத்தான் மதிப்பெண் ஏறியிருந்தது. ஆறாவது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அதை மறுபடி கையால் எழுதினேன். அதிலிருந்து கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் பிடித்து, சீட்டில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டுதான் வெளியே வருவேன்.

தேர்வு ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இரண்டு முறை. படிப்பில் சேர்ந்திருப்பதால் ஹால் டிக்கெட் தானாக வந்துவிடாது. ஒவ்வொரு முறையும் எந்தெந்தப் பாடம் எழுதப்போகிறோம் என்று தனியாகத் தேர்வு விண்ணப்பம் போட்டுப் பணம் கட்ட வேண்டும். அண்மைக்காலத் தேர்வுகளில் பாடத்துக்கு 200 ரூபாய். தேதி தவறினால் தாமதக் கட்டணம் 1,100. அதையும் தவறவிட்டால் ஆறு மாதம் போயிற்று.

இதைவிடப் பெரிய பள்ளம் மறுபதிவு. முதல் ஆண்டில் மூன்று பாடம் அரியர் இருக்கிறது, முடித்துவிட்டு இரண்டாம் ஆண்டுக்குக் கட்டணம் கட்டலாம் என்று நினைப்போம். அப்படி இல்லை. தேறினாலும் தேறாவிட்டாலும், தேர்வே எழுதாவிட்டாலும், அடுத்த ஆண்டுக்கு உரிய தேதிக்குள் மறுபதிவு செய்ய வேண்டும். தவறினால் ஒரு சுற்று பின்தங்கிவிடும். இதற்கிடையில் மொத்தக் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும்: மூன்றாண்டு இளநிலைக்கு அதிகபட்சம் 6 ஆண்டு, இரண்டாண்டு முதுநிலைக்கு 4. பேறுகாலம், வெளிநாட்டு வேலை, அம்மாவின் உடல்நிலை என்று எதற்காக நின்றாலும் இந்தக் கெடு நிற்பதில்லை. கெடு முடிந்தபின் மீதமுள்ள பாடங்களுக்கு மட்டும் பணம் கட்டி மீள்சேர்க்கை பெறலாம், அதுவும் குறிப்பிட்ட காலத்துக்குள். முன்பு தேறிய பாடங்கள் வீணாகாது.

எல்லாப் பாடமும் தேறியபின் தற்காலிகச் சான்றிதழும் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலும் வரும். பட்டம் பட்டமளிப்பு விழாவுக்குத் தனியாகக் கட்டணம் கட்டிய பிறகு. வராமல் இழுத்தால் முதலில் பதிவெண்ணோடு பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல், பதில் இல்லையென்றால் யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகார். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் தகவல் உரிமைச் சட்டமும் கை கொடுக்கும். 10 ரூபாய்க் கட்டணத்தோடு "என் சான்றிதழ் இப்போது எந்தப் பிரிவில், யாரிடம், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். பல நேரம் பதிலுக்கு முன்பே சான்றிதழ் வந்துவிடும்.