ஆரை அழித்துவிட்டு மறுபடி போடும் முன்…

ஆராய்ச்சி மாணவர்களின் தரவைப் புள்ளியியல் முறையில் அலசிக் கொடுப்பதும், அதை அவர்களே செய்யக் கற்றுக்கொடுப்பதும் என் பிழைப்பு. மதுரை என்பதால் பலதரப்பட்டவர்கள் வருவார்கள். ஒத்தக்கடை வேளாண் கல்லூரியிலிருந்து மல்லிகை விளைச்சல் கணக்கோடு ஒருவர், பல்கலை நகர் காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து கேள்வித்தாள் தரவோடு இன்னொருவர், நடுவில் எம்.டி. ஆய்வேட்டைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கம் இல்லாத ஒரு மருத்துவர். பெரும்பாலும் எல்லோரும் ‘ஆர்’ (R) என்ற புள்ளியியல் நிரல் மொழியில்தான் வேலை செய்கிறார்கள். காசு கொடுக்க வேண்டாம் என்பதுதான் முதல் காரணம், அதில் தவறும் இல்லை.

ஆய்வேடு கொடுக்கும் மாதங்களில் வாட்ஸ்அப்பில் எனக்கு வரும் படங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். திரையைக் கைப்பேசியால் சாய்வாகப் பிடித்த படம், சிவப்பு எழுத்தில் பாதி வரி, கீழே “அண்ணே, ஆர் போச்சு” என்று ஒரு செய்தி. ஆர் எங்கும் போயிருக்காது. நிரலின் முதல் சில வரிகளில் பேக்கேஜை, அதாவது ஆரோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் கருவித் தொகுப்பைக் கூப்பிடும் ‘லைப்ரரி’ கட்டளை நிற்கும், அங்கே ஒன்று தடுக்கியிருக்கும்.

உடனே எல்லோரும் செய்வது ஒன்றுதான். ஆரையும், அதில் நிரல் எழுதி ஓட்ட உதவும் ஆர்ஸ்டுடியோவையும் அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுபடி இறக்குவார்கள். ஒரு மாலைப்பொழுதும் அன்றைய இணைய டேட்டாவும் காலியாகும், பிழை அப்படியே இருக்கும். ஏன் என்றால், விண்டோஸில் நீங்கள் இறக்கும் பேக்கேஜ்கள் பொதுவாக ஆர் குடியிருக்கும் ஃபோல்டருக்குள் போவதில்லை. உங்கள் பயனர் கணக்கின் கீழே தனியாக ஒரு ஃபோல்டரில் உட்காருகின்றன. ஆரை நீக்கினால் அந்த ஃபோல்டரை யாரும் தொடுவதில்லை. உடைந்த பேக்கேஜ் அங்கேயே உடைந்தபடி இருக்கும், புதிய ஆர் வந்து மறுபடி அதையே எடுத்துப் பார்க்கும்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி கூப்பிட்டார். “அண்ணே, ஜிஜிபிளாட்2 வரவே மாட்டேங்குது. அழிச்சு அழிச்சுப் போட்டுப் பார்த்துட்டேன்.”

“கடைசி வரியில என்னம்மா இருக்கு? அப்படியே படி.”

“ஸ்கேல்ஸ்னு ஒரு பேக்கேஜ் இல்லைன்னு இருக்குண்ணே. ஆனா நான் ஸ்கேல்ஸ் கேக்கவே இல்லையே.”

அவர் கேட்கவில்லை, வரைபடம் போடும் பேக்கேஜான ஜிஜிபிளாட்2 கேட்டது. இந்தப் பிழைச் செய்தியில் இரண்டு பெயர்கள் இருக்கும். முதல் வரியில் வருவது ஏற முடியாமல் போன பேக்கேஜ், இங்கே ஜிஜிபிளாட்2. கடைசியில் மேற்கோள் குறிக்குள் வருவதுதான் உண்மையில் காணாமல் போனது. கண் முதல் பெயரிலேயே நின்றுவிடுகிறது, கை அதையே திரும்பத் திரும்ப இன்ஸ்டால் செய்கிறது. ஸ்கேல்ஸை மட்டும் இறக்கச் சொன்னேன். பேசி முடிப்பதற்குள் வரைபடம் வந்துவிட்டது. இறக்கும்போது இணையம் பாதியில் அறுந்தாலோ, ஆன்டிவைரஸ் நடுவில் புகுந்து ஒரு கோப்பைப் பிடித்து வைத்தாலோ இப்படி ஒன்று விட்டுப்போகும்.

வேளாண் மாணவர்களுக்கு இதே கதை அக்ரிகோலே பேக்கேஜில் வரும். பயிர்ச் சோதனைகளின் வடிவமைப்புக்கும் சராசரிகளை ஒப்பிடும் எல்.எஸ்.டி. முறைக்கும் அதைத்தான் எடுக்கிறார்கள். அது ஆல்க்டிசைன் போன்ற வேறு பேக்கேஜ்களை நம்பி நிற்பது. அவற்றில் ஒன்று இல்லை என்றாலும் அக்ரிகோலே ஏறாது.

சரி, மேற்கோள் குறிக்குள் இருந்த பெயரையும் இறக்கியாயிற்று, “இறங்கிவிட்டது” என்று ஆரே சொல்கிறது, ஆனாலும் “அப்படி ஒரு பேக்கேஜ் இல்லை” என்கிறது. அப்போது கேட்க வேண்டிய கேள்வி, ஆர் எங்கே தேடுகிறது என்பது. அதற்கென்று ‘லிப்பாத்ஸ்’ என்ற கட்டளை இருக்கிறது. முன்னால் ஒரு புள்ளி, பின்னால் வெற்று அடைப்புக்குறி, ‘பாத்ஸ்’ மட்டும் பெரிய எழுத்தில் தொடங்கும். அடித்தால் ஒன்றோ இரண்டோ ஃபோல்டர்களின் முகவரி வரும். அவ்வளவுதான் ஆரின் உலகம். அந்த ஃபோல்டர்களில் இல்லாதது, கணினியில் வேறு எங்கே இருந்தாலும் அதன் கணக்கில் இல்லை. ஆட்டோவில் ஏறி மாசி வீதி என்றால் கீழ மாசியா, மேல மாசியா என்று ஓட்டுநர் திரும்பிக் கேட்பார். ஆர் கேட்காது, பட்டியலில் முதலில் இருக்கும் இடத்தில் தொடங்கி வரிசையாகப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிடும்.

இந்த முகவரி எப்படி மாறுகிறது என்பதில்தான் பாதிக் குழப்பம் இருக்கிறது. ஆரின் புதிய பதிப்பு வழக்கமாக ஒவ்வொரு ஏப்ரலிலும் வரும். 2023இல் 4.3, 2024இல் 4.4, 2025இல் 4.5. முழுப் பதிப்பு எண் 4.3.1 என்பது போல இருக்கும், அதன் நடு இலக்கம் மாறினால் பேக்கேஜ் ஃபோல்டரும் புதிது. பழையது 4.3 என்ற பெயரில் அப்படியே இருக்கும், 4.4 என்ற பெயரில் காலியாக ஒன்று பிறக்கும். “அப்டேட் பண்ணினேன், எல்லாம் அழிஞ்சு போச்சு” என்று பதறி வருகிறவர்களுக்கு நடந்தது இதுதான். எதுவும் அழியவில்லை. பழைய ஃபோல்டரைத் திறந்து பெயர்களைக் குறித்துக்கொண்டு, புதிய ஆரில் அவற்றை மறுபடி இறக்கினால் போதும். ஃபோல்டரை அப்படியே நகலெடுத்துப் போடும் குறுக்குவழியைப் பலர் சொல்வார்கள். சில பேக்கேஜ்கள் ஓடும், சில ஓடாது, எது ஓடாது என்பது வைவாவுக்கு முந்தின இரவில்தான் தெரியும். வேண்டாம்.

இதைவிடக் குழப்பமானது 2022 ஏப்ரலில் வந்த 4.2 செய்த மாற்றம். அதுவரை விண்டோஸில் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டருக்குள் இருந்த தனிப்பட்ட பேக்கேஜ் இடம், அந்தப் பதிப்பிலிருந்து ஆப்டேட்டாவுக்குள் போய்விட்டது. ஆப்டேட்டா வழக்கமாகக் கண்ணுக்குத் தெரியாத ஃபோல்டர். பழைய காணொளியைப் பார்த்து டாக்குமெண்ட்ஸில் தேடிக்கொண்டிருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் மாற்றம் நல்லதுக்குத்தான் என்பேன். டாக்குமெண்ட்ஸை ஒன்டிரைவ் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பேக்கேஜ் கோப்புகளையெல்லாம் மேகத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்த கூத்து இதனால் குறைந்தது.

கல்லூரி ஆய்வகக் கணினிகள் தனி ரகம். சில இடங்களில் கணினியை அணைத்துப் போட்டாலே பழைய நிலைக்குத் திரும்பும்படி மென்பொருள் வைத்திருப்பார்கள். நேற்று இறக்கிய பேக்கேஜ் இன்று இருக்காது, இதில் ஆரைத் திட்டிப் பயனில்லை. ஆய்வகப் பொறுப்பாளரிடம் கேட்டு, அழியாத டிரைவில் ஒரு ஃபோல்டர் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முகவரியைக் கொடுத்து இறக்கினால் அங்கே இறங்கும், கூப்பிடும்போதும் அதே முகவரியைக் கொடுக்க வேண்டும். எழுத அனுமதி இல்லாத ஃபோல்டர் என்று வந்தால் “உங்களுக்கென்று தனி லைப்ரரி (பேக்கேஜ் ஃபோல்டர்) உருவாக்கவா” என்று ஆர் கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். பயந்துபோய் வேண்டாம் என்று அழுத்துகிறவர்கள்தான் அதிகம்.

‘ரெக்வயர்’ கட்டளையைப் பற்றி எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. ‘லைப்ரரி’ என்று கூப்பிட்டுப் பேக்கேஜ் இல்லை என்றால் நிரல் அங்கேயே நின்றுவிடும். ‘ரெக்வயர்’ ஓர் எச்சரிக்கையை மட்டும் முணுமுணுத்துவிட்டு மேலே போய்விடும். அப்புறம் நாற்பதாவது வரியில் “இப்படி ஒரு ஃபங்ஷன் கிடைக்கவில்லை” என்று வரும். மாணவர் நாற்பதாவது வரியைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுவார், கோளாறு இரண்டாவது வரியில் இருக்கும். மூத்த மாணவர்களிடம் வாங்கிய நிரலில் ரெக்வயர் இருந்தால் முதல் வேலையாக அதை லைப்ரரி என்று மாற்றிவிடுங்கள்.

சிவப்பில் வருவதெல்லாம் பிழை இல்லை. ஆர்ஸ்டுடியோ சாதாரணத் தகவலையும் சிவப்பில் காட்டிப் பழக்கிவிட்டது. இந்தப் பேக்கேஜ் வேறொரு ஆர் பதிப்பில் கட்டப்பட்டது என்று வருவது வெறும் எச்சரிக்கை, பெரும்பாலும் விட்டுவிடலாம். தரவை வடிகட்டி ஒழுங்குபடுத்தும் டிபிளையர் பேக்கேஜை ஏற்றும்போது ‘ஃபில்டர்’, ‘லேக்’ இரண்டும் மறைக்கப்பட்டன என்று வருவதும் தகவல்தான். ஆனால் இந்த மறைத்தல் ஓர் இடத்தில் நிஜமாகவே காலை வாரும். டிபிளையருக்குப் பிறகு மாஸ் பேக்கேஜை ஏற்றினால், இரண்டிலும் ‘செலெக்ட்’ இருப்பதால் கடைசியில் வந்த மாஸின் செலெக்ட்தான் எடுபடும். நேற்று ஓடிய வரி இன்று ஓடாது. பேக்கேஜ் பெயரையும் இரண்டு இரட்டைப்புள்ளிகளையும் (::) முன்னால் சேர்த்து எழுதினால் தீர்ந்தது.

ஏற்கெனவே ஏறியிருக்கும் பேக்கேஜைப் புதுப்பிக்கப் போய் மாட்டிக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. ஆர்லேங் என்ற பேக்கேஜின் பழைய பதிப்பு ஏறியிருக்கிறது, இன்னும் புதியது வேண்டும் என்று செய்தி வரும். ஓடிக்கொண்டிருக்கும் பேக்கேஜின் கோப்பை விண்டோஸ் மாற்ற விடாது. ஆர்ஸ்டுடியோவின் செஷன் மெனுவில் ரீஸ்டார்ட் கொடுத்து, எந்த லைப்ரரி வரியையும் ஓட்டாமல், முதல் வேலையாக அதை இறக்குங்கள். திறந்திருக்கும் மற்ற ஆர்ஸ்டுடியோ சன்னல்களையும் மூடிவிடுங்கள். இறக்கும்போது கரண்ட் போய்விட்டால், பேக்கேஜ் ஃபோல்டரில் 00லாக் என்று தொடங்கும் ஒரு ஃபோல்டர் மிச்சம் கிடக்கும். அது இருக்கும் வரை மறுபடி இறக்க விடாமல் அடம்பிடிக்கலாம். ஆரை மூடிவிட்டு அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் அழித்தால் போதும்.

இனி, பணமும் பாதுகாப்பும் போகக்கூடிய இடம். எக்செல் கோப்பைப் படிக்க எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்ற பேக்கேஜை ஏற்றுவார்கள். அது ஆர்ஜாவாவைக் கேட்கும், ஆர்ஜாவா கணினியில் ஜாவாவைத் தேடும். இல்லை என்றால் ஒரு டிஎல்எல் கோப்பை ஏற்ற முடியவில்லை என்ற செய்தி வரும். உடனே கூகுளில் அந்தக் கோப்பின் பெயரைப் போட்டு, எந்தத் தளத்திலிருந்தோ இறக்கி, விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் போட்டுவிட்டு வருகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். யார் செய்தது என்றே தெரியாத ஒரு கோப்பை, கணினியின் நடுவீட்டில் குடிவைக்கிறீர்கள். வங்கிக் கடவுச்சொல் அடிப்பதும் அதே கணினியில்தான். ஆர்ஜாவாவுக்கு வேண்டியது ஆரோடு பொருந்தும் ஜாவா. 4.2 முதல் விண்டோஸில் 32 பிட் ஆர் கிடையாது, ஆகவே 64 பிட் ஜாவாதான். வெறும் எக்செல் படிக்க மட்டும் என்றால் இந்தத் தலைவலியே வேண்டாம், ரீட்எக்ஸ்எல் போதும், அதற்கு ஜாவா தேவையில்லை.

அடுத்தது, “இந்த ஆர் பதிப்புக்கு இந்தப் பேக்கேஜ் கிடைக்காது” என்ற செய்தி. இதைப் படித்ததும் ஆர் பழசாகிவிட்டது என்று நினைத்துப் புதுப்பிக்கப் போகிறார்கள். பழைய ஆராகவும் இருக்கலாம்தான். ஆனால் பெயரில் எழுத்துப் பிழை இருந்தாலும் இதே செய்திதான் வரும், பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறினாலும் இதேதான். மரபணுத் தரவுக்கான பேக்கேஜ் என்றால், அது ஆர் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான கிரானில் இல்லாமல், உயிரியல் தரவுக்கான தனிக் களஞ்சியமான பயோகண்டக்டரில் இருக்கலாம், அதற்கு இறக்கும் வழியே வேறு. பராமரிக்க ஆளில்லாமல் கிரான் விலக்கி வைத்ததாகவும் இருக்கலாம். இப்போது புதிதாக ஒரு காரணம் சேர்ந்திருக்கிறது. ஏஐ உரையாடலில் கேட்டு வாங்கிய நிரலில், பிறக்கவே பிறக்காத பேக்கேஜ்களின் பெயர்கள் வருகின்றன. பெயர் கேட்க நம்பும்படியாக இருக்கும், கிரானில் தேடினால் இருக்காது.

ஆரில் இதனால் நேரம் மட்டும்தான் வீணாகும், கிரானில் ஏறும் புதிய பேக்கேஜை ஆட்கள் பார்த்துத்தான் விடுகிறார்கள். இன்னொரு நிரல் மொழியான பைத்தானில் அப்படி இல்லை. அதன் பேக்கேஜ் களஞ்சியமான பைபிஐயில் கணக்கு வைத்திருக்கும் யாரும் பேக்கேஜ் ஏற்றலாம். பிரபலமான பெயரில் ஓர் எழுத்தை மாற்றித் தீங்கு நிரலை வைத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. பைத்தானில் கூப்பிடும் பெயரும் இறக்கும் பெயரும் வேறாக இருப்பது இதற்கு இன்னும் வசதி செய்து கொடுக்கிறது. நிரலில் சிவி2 என்று இருக்கும், இறக்க வேண்டியது ஓப்பன்சிவி பைத்தான். எஸ்கேலேர்ன் என்று இருக்கும், இறக்க வேண்டியது சைகிட் லேர்ன். ஊகித்து அடிக்காமல், அந்தத் திட்டத்தின் சொந்த ஆவணப் பக்கத்தில் உள்ள இன்ஸ்டால் வரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் பார்த்து முடியவில்லை என்றால் கேளுங்கள், கேட்பதில் ஒன்றும் குறைவில்லை. என்னிடமோ உங்கள் துறையில் தெரிந்தவரிடமோ கேட்கும்போது திரையைப் படம் பிடித்து அனுப்ப வேண்டாம். பிழைச் செய்தியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுத்தாகவே நகலெடுங்கள். ஆரின் பதிப்பையும் ஏறியிருக்கும் பேக்கேஜ்களையும் காட்டும் ‘செஷன்இன்ஃபோ’ கட்டளையை ஓட்டி வருவதையும், லிப்பாத்ஸ் காட்டும் முகவரிகளையும் அதோடு ஒட்டுங்கள். எந்த வரியை ஓட்டியபோது வந்தது என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். ஆய்வுத் தரவை மட்டும் அனுப்பாதீர்கள், முக்கியமாக நோயாளிகளின் பெயர் உள்ள எக்செல் கோப்பை. லைப்ரரி ஏறாததற்கு அது தேவையே இல்லை.