‘சக்தி திசைமாற்றி’ என்னும் தொல்லை

போன வாரம் தமிழில் குரல் கொடுத்த ஒரு வெளிநாட்டுப் பயண நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற அமெரிக்கத் தம்பதி ஒன்று, வீடாகவே கட்டிய 40 அடி நீள மோட்டார்ஹோம் வண்டியில் ஊர் சுற்றுகிறது. வயோமிங் மாநிலத்தில் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவே, இன்டர்ஸ்டேட் 80 நெடுஞ்சாலை. காற்றுக்குப் பேர்போன இடம். சாலையோரப் புல்லெல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடக்கிறது. அந்த மனிதர் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கிறார், முகத்தில் ரத்தமில்லை. பின்னணிக் குரல் சொல்கிறது: “சக்தி திசைமாற்றியின் உதவியால் இவர் காற்றை எளிதாக வெல்கிறார்.”

பவர் ஸ்டீயரிங்கைத்தான் இப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். இந்தச் ‘சக்தி திசைமாற்றி’யை நான் சந்திப்பது இது மூன்றாவது முறை. முதலில் ஒரு கார் கையேட்டின் தமிழ்ப் பதிப்பில் பார்த்தேன். அப்புறம் நண்பர் ஒருவர் எழுதிய கட்டுரையில். இப்போது இங்கே. சக்தியும் தப்பு, திசைமாற்றியும் தப்பு. ‘எளிதாக வெல்கிறார்’ என்பது அந்த இரண்டு தப்பும் சேர்ந்து பெற்ற பிள்ளை.

முதலில் சொல் வந்த வழி. ஸ்டீயர் என்பது கப்பல் சொல். பழைய ஆங்கிலத்தில் ஸ்டியரன் என்றால் படகைச் செலுத்துவது. அந்தக் காலத்துப் படகில் செலுத்தும் துடுப்பு வலப்பக்கம் இருந்ததால்தான் கப்பலின் வலப்பக்கத்துக்கு ஸ்டார்போர்டு என்று பெயர். ‘கவர்னர்’ என்ற சொல்லின் மூலமும் கிரேக்கத்தில் சுக்கான் பிடிப்பதுதான் (இன்றைய கவர்னர்களை வைத்து இதைச் சரிபார்க்க வேண்டாம்). பவர் என்பது லத்தீனில் ‘முடிவது, இயல்வது’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. சொற்பிறப்பு இவ்வளவு போதும்.

ஸ்டீயரிங்குக்கு முன்னால் பவர் வந்து ஒட்டிக்கொண்ட கதைதான் நமக்கு முக்கியம். பியர்ஸ்-ஆரோ என்ற அமெரிக்க வண்டி நிறுவனத்தின் லாரிப் பிரிவில் வேலை பார்த்தவர் ஃபிரான்சிஸ் டேவிஸ். கனமான லாரிகளைத் திருப்ப ஓட்டுநர்கள் படும் பாட்டைப் பார்த்து, 1926-இல் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் துணைக்கருவி ஒன்றைக் காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். விற்பனைக்கு வந்த பயணிகள் காரில் அது வர 1951 ஆயிற்று. கிரைஸ்லர் இம்பீரியலில், ஹைட்ராகைடு என்ற பெயரில்.

அது வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் மொழிபெயர்ப்பு தானாக வந்துவிடும். ஸ்டீயரிங் தண்டுக்குக் கீழே மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்று இருக்கிறது. கை திருப்பும்போது அது இம்மியளவு முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கத்தில் வால்வு திறந்து, இன்ஜின் ஓட்டும் பம்பிலிருந்து எண்ணெய், சக்கரங்களைத் திருப்பும் பிஸ்டனின் ஒரு பக்கத்துக்குப் பாயும். கை எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் எண்ணெயும் சேர்ந்து தள்ளும். கை ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்துவிடும். தானாக எந்தப் பக்கமும் திரும்பாது. ஓடும்போது இன்ஜின் நின்றுவிட்டால் ஸ்டீயரிங் இரும்பாகக் கனக்கும். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒடித்தால் வண்டி திரும்பும். வண்டியைத் திருப்புவது அந்தச் ‘சக்தி’ என்றால், சக்தி போன பிறகு அது எப்படித் திரும்புகிறது?

மற்ற மொழிக்காரர்கள் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். பிரெஞ்சில் இதன் பெயர் ‘உதவி பெற்ற செலுத்துகை’. ஸ்பானியத்திலும் அப்படியே. ஜெர்மன்காரர் செர்வோலெங்குங் என்கிறார். செர்வோ என்பது ‘பணியாள், அடிமை’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பணியாளாக வந்தது தமிழில் பராசக்தி ஆகிவிட்டது.

சக்தியை விட்டவர்கள் அடுத்துப் பிடிப்பது ‘மின்’. நம் ஊரில் பவர் போனால் மின்சாரம் போனது, பவர் கட் என்றால் மின்வெட்டு. ஆகவே பவர் ஸ்டீயரிங் ‘மின் திசைமாற்றி’யாம். எண்ணெயில் ஓடும் கருவிக்கு மின் ஏது? இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் மின்மோட்டார் வைத்த ஸ்டீயரிங் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது ‘எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்’. அதை எப்படிச் சொல்வார்கள், ‘மின் மின் திசைமாற்றி’ என்றா? ‘ஆற்றல்’ என்பவர்களும் உண்டு. பள்ளிப் பாடத்தில் ஆற்றல் என்பது எனர்ஜி, திறன் என்பது பவர், விசை என்பது ஃபோர்ஸ். இங்கே கூடுவது கை கொடுக்கும் விசை. ஆற்றலை இங்கே இழுக்கவே வேண்டாம்.

கட்டுரை எழுதிய நண்பரோடு இதைப் பற்றி ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டேன். கடைசியில் சக்தியைக் கைவிட்டு ‘விசைத் திசைமாற்றி’ என்ற இடத்துக்கு இறங்கி வந்தார். “பவர்லூம் விசைத்தறி ஆகவில்லையா? விசைப்படகு என்று சொல்வதில்லையா? மரபு இருக்கிறதே” என்றார். நல்ல வாதம், பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விசைத்தறி அருமையான சொல்தான். ஆனால் அது எதற்கு எதிராக எழுந்தது என்று பாருங்கள்: கைத்தறிக்கு. விசைத்தறியில் கை விலகிவிட்டது, நெய்வது இயந்திரம். விசைப்படகில் துடுப்புப் போடும் ஆள் கிடையாது. கையின் இடத்தை இயந்திரம் பிடித்துக்கொண்ட இடத்தில்தான் தமிழ் ‘விசை’யை முன்னொட்டாக வைத்திருக்கிறது. பவர் ஸ்டீயரிங்கில் கை விலகவில்லை, பிடித்தபடியே இருக்கிறது. அந்த மரபை இங்கே நீட்டினால், கேட்பவர் இயந்திரமே வண்டியைத் திருப்புகிறது என்றுதான் நினைப்பார். பின்னணிக் குரல் சொன்னதும் அதுதானே? ஆகவே விசை இருக்கட்டும், முன்னால் ஒரு ‘துணை’ வேண்டும்: துணைவிசை. நண்பர் நீளம் என்றார். ‘சக்தி திசைமாற்றி’ என்று எழுதியவர் நீளத்தைப் பற்றிப் பேசலாமா?

சரி, திசைமாற்றிக்கு வருகிறேன். என் கோபத்தில் முக்கால் பங்கு இதன்மேல்தான். பள்ளி இயற்பியலில் மின்மோட்டாருக்குள் இருக்கும் பிளவு வளையத்துக்கு ஏற்கெனவே இந்தப் பெயர் இருக்கிறது என்பது ஒரு பக்கம். பெரிய குறை பொருளில் இருக்கிறது. ஸ்டீயரிங்கின் பெரும்பாலான வேலை திசையை மாற்றுவது இல்லை, மாறவிடாமல் வைத்திருப்பது. நேர்ச்சாலையில் சிறிய காரில் போகும்போது இது உறைக்காது. வயோமிங்கில் அந்த மோட்டார்ஹோமின் இருக்கையில் உட்கார்ந்தால் உறைக்கும்.

ஒரு தோராயக் கணக்கு. பெட்டி 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம் என்றால் பக்கச் சுவர் 36 சதுர மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று நேராக வந்து மோதினால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 17 கிலோ அழுத்தம். மொத்தம் 600 கிலோவைத் தாண்டும். லாரமி 2,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் காற்று மெலிந்து இது கொஞ்சம் குறையும். ஆனால் காற்றின் வேகம் 85 ஆனால் விசை இரட்டிப்பாகிவிடும். பெரிய, எடை குறைந்த பெட்டி வண்டிகளை அந்தச் சாலையில் விடாமல் நிறுத்திவைக்கும் நாள்கள் அங்கே உண்டு.

இத்தனை விசையும் தள்ளுவது சக்கரத்தை இல்லை, சுவரை. வண்டி மெல்ல ஒதுங்கத் தொடங்கும். அதை ஓட்டுபவர் உணர்ந்து, காற்று வரும் பக்கம் ஸ்டீயரிங்கைச் சற்றே திருப்பி, அப்படியே பிடித்திருக்க வேண்டும். திருப்பிப் பிடித்திருப்பது நேராகப் போவதற்காக! திடீரென ஒரு பாலச்சுவரோ பக்கத்தில் வரும் டிரெய்லரோ காற்றை மறைத்தால், பிடித்த பிடியே வண்டியைச் சாலைக்கு வெளியே இழுக்கும். உடனே தளர்த்த வேண்டும். மறைப்பு விலகினால் மறுபடி பிடிக்க வேண்டும். மணிக்கணக்கில் இதே வேலை. இதில் துணைவிசை செய்வது தோள் வலியைக் குறைப்பது மட்டும்தான். காற்று வருவது அதற்குத் தெரியாது. ஸ்டீயரிங் அளவுக்கு மீறி லேசாக இருந்தால், சாலை கைக்குச் சொல்லும் சேதியும் மங்கி, ஒரு விரல் திருப்ப வேண்டிய இடத்தில் மூன்று விரல் திருப்பிவிடுவோம். வண்டி ‘அலையும்’. நம் ஓட்டுநர்களின் இந்தச் சொல்லைவிட நல்ல சொல் எனக்குத் தெரியாது.

மோட்டார்ஹோம்காரர்கள் இதற்கென்றே தனிக் கருவிகளை வாங்கி மாட்டுகிறார்கள். புளூ ஆக்ஸ் நிறுவனத்தின் ட்ரூசென்டர் அப்படி ஒன்று. காற்றுக்கு எதிராக எவ்வளவு திருப்பிப் பிடித்திருக்கிறோமோ, அந்த இடத்தையே ‘நேர்’ என்று வைத்துக்கொள்ளும்படி ஒரு பொத்தானை அழுத்திச் சொல்லிவிடலாம். இதற்கு ‘திசைமாற்றியின் திசை மாறாமை’ என்று தமிழ் செய்வார்களோ என்னவோ.

திசையை மாற்றவும் காக்கவும் பொதுவான சொல் ஒன்று தமிழில் ஏற்கெனவே இருக்கிறது: சுக்கான். படகின் சுக்கானைப் பிடித்தவருக்கு, காற்றுக்கு எதிராகச் சற்றே சாய்த்துப் பிடித்தால்தான் நேராகப் போக முடியும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டியின் ஸ்டீயரிங்கைச் சுக்கான் என்பதும் புதிதில்லை. இலங்கைத் தமிழில் அந்த வழக்கு இருக்கிறது, சிங்களத்திலும் ‘சுக்கானம’தான்.

உடனே ஒரு குரல் வரும்: சுக்கான் அரபுச் சொல்லாயிற்றே! ஆமாம், அரபுதான். மாலுமியும் அரபிலிருந்து வந்தவர்தான். அவரைக் கப்பலிலிருந்து இறக்கிவிடலாமா? அரபிக் கப்பல்களோடு வந்து, நம் கரையோர மீனவர் கையில் தேய்ந்து மெருகேறிய சொல் அது. தூய தமிழ் வேர்களை ஒட்டி மேசைமேல் செய்த திசைமாற்றியைவிட எனக்கு அது நெருக்கம். தூய்மை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தூய்மையும் தெளிவும் மோதும்போது தெளிவின் பக்கம்தான் நிற்பேன். இதற்காக ஏற்கெனவே இரண்டு குழுக்களில் வசை வாங்கியிருக்கிறேன்.

ஆக, துணைவிசைச் சுக்கான்.

‘துணை’ இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு. வேகத்துக்கேற்ப உதவியை மாற்றும் ஸ்டீயரிங் பல வண்டிகளில் இருக்கிறது. வண்டியை நிறுத்தும் இடத்தில் உதவி அதிகம். வேகம் கூடக்கூட அது குறைந்து ஸ்டீயரிங் இறுகும். அதே கார் கையேடு இதற்கு வைத்த பெயர் ‘வேக உணர் சக்தி திசைமாற்றி’. படிப்பவர் என்ன நினைப்பார்? வேகம் கூடினால் சக்தியும் கூடும் என்று. நேர் எதிர்ப்பொருள். ‘வேகத்துக்கேற்பக் குறையும் துணைவிசை’ என்று எழுத ஒரு வரி கூட ஆகாது.

இன்னொன்றும் உண்டு. மெர்சிடிஸ் ஸ்ப்ரிண்டர் வேன்மேல் கட்டிய மோட்டார்ஹோம்கள் நிறைய. 2013 முதல் அந்த வேனில் ‘கிராஸ்விண்ட் அசிஸ்ட்’ வந்தது. திடீர்ப் பக்கக்காற்று தள்ளினால் குறிப்பிட்ட சக்கரங்களில் மட்டும் பிரேக்கைத் தொட்டு வண்டியைத் தடத்தில் வைக்கும். அதே ஆண்டு வால்வோ தன் லாரிகளுக்குக் கொண்டுவந்த டைனமிக் ஸ்டீயரிங்கில், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஸ்டீயரிங் பெட்டிமேல் ஒரு மின்மோட்டார் உட்கார்ந்து பக்கக்காற்றுக்கு எதிராகத் தானே விசை கொடுக்கும். காற்றோடு மல்லுக்கு நிற்கும் கருவிகள் இவைதான். இவற்றைத்தான் அந்தப் பின்னணிக் குரல் புகழ்ந்திருக்க வேண்டும். முதலாவதை ஒருவர் ‘குறுக்குக் காற்று உதவி’ என்று தமிழாக்கியதைப் பார்த்தேன். படித்தால் காற்று வந்து நமக்கு உதவி செய்வது போல இருக்கிறது. ‘பக்கக்காற்றுத் தடுப்புதவி’ என்றால் குழப்பமில்லை.

மொழிபெயர்ப்பாளர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. வரிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, வண்டியையே கண்ணில் காட்டாமல் எழுதச் சொன்னால் அவர்களும் அகராதியைத்தான் பிடித்துத் தொங்குவார்கள். அந்த நிகழ்ச்சியில் மோட்டார்ஹோமுக்கு ‘கேரவன்’ என்றும் சொன்னார்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் கேரவன் என்பது கார் பின்னால் இழுத்துப் போகும் வீடு. தமிழ்நாட்டில் அது நடிகர் மேக்கப் போடும் வேன். அந்தத் தம்பதியின் வண்டி இரண்டுமில்லை. ‘வீட்டு வண்டி’ என்றாலே போதும்.

லாரி ஓட்டுகிறவர் யாரும் துணைவிசைச் சுக்கான் என்று சொல்லப்போவதில்லை. ‘பவர் ஸ்டேரிங்’ என்பார், தேவையான இடத்தில் ஒடிப்பார், அவருக்கு ஒரு குழப்பமும் இல்லை. அந்த நிகழ்ச்சிக்கு எழுதியவரும் பவர் ஸ்டீயரிங் என்றே விட்டிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.