காயாத வண்ணமும் ஓடும் நிழலும்

நிழல் நிமிடக் கணக்கில் ஓடும். ஆயில் பெயிண்ட் நாள் கணக்கில் காயும். வயல் வரப்பில் ஈசலை (ஓவியப் பலகையைத் தாங்கும் நிலைச்சட்டம்) நிறுத்தி ஆயில் பெயிண்டில் வரைபவருக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிறக்கின்றன.

முதலில் நிழல். சூரியன் தொடுவானத்துக்கு மேல் 10 பாகையில் இருக்கும்போது 5 மீட்டர் மரத்தின் நிழல் சுமார் 28 மீட்டர் நீளும். 20 பாகைக்கு ஏறியதும் அது 14 மீட்டருக்குச் சுருங்கிவிடும். பூமத்திய ரேகைப் பக்கம் இதற்கு முக்கால் மணி நேரமே அதிகம். ஆகவே முதல் பத்து நிமிடத்துக்குள் நிழல்களின் எல்லையைப் போட்டுவிட வேண்டும். போட்டபின் அதில் கை வைக்கக் கூடாது. நகர்ந்த நிழலைத் துரத்தித் திருத்திக்கொண்டே போனால் ஒரே படத்தில் மூன்று சூரியன்கள் வந்து நிற்கும். 1890-91இல் வைக்கோல் போர்களை வரைந்த பிரெஞ்சு ஓவியர் மோனே, பல கேன்வாஸ்களை வைத்துக்கொண்டு வெளிச்சம் மாற மாற ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறினார். அத்தனையைச் சுமக்க முடியாதவர்களுக்கு 20×25 செ.மீ. பலகை ஒன்றும் இரண்டு மணி நேரமும் போதும்.

அடுத்து பெயிண்ட். வாட்டர்கலரில் தண்ணீர் ஆவியாகிவிடுகிறது. ஆயில் பெயிண்டில் எண்ணெய் எங்கும் போவதில்லை. ஆளிவிதை எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய பாதி லினோலெனிக் அமிலம். அதன் ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்று இரட்டைப் பிணைப்புகள். காற்றின் ஆக்சிஜன் அந்த இடங்களில் வந்து சேர, அடுத்தடுத்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலையாக இறுகுகின்றன. அதனால்தான் ‘காயும்’ பெயிண்டின் எடை தொடக்கத்தில் குறையாமல் கூடுகிறது. நிறமிக்கும் இதில் பங்கு உண்டு. அம்பர் (umber) எனும் பழுப்பு மண் நிறங்களில் உள்ள மாங்கனீசு இந்த வினையை விரட்டும்; ஓரிரு நாளில் தொட்டால் ஒட்டாது. ஐவரி பிளாக்கும் காட்மியம் நிறங்களும் ஒரு வாரம்வரை இழுக்கும்.

உண்மையில் ஆவியாவது, பெயிண்டை நீர்க்கச் செய்யக் கலக்கும் டர்பன்டைன்தான். ஈரத்தின் மேல் ஈரமாக வரைய முடிவதற்கு அதுவே காரணம். அடர்ந்த பகுதிகளை டர்பன்டைன் கலந்து மெல்லிசாகப் பூசினால், பத்துப் பதினைந்து நிமிடத்தில் அது பறந்துபோய் பிசுபிசுப்பான படலம் மிஞ்சும். அதன் மேல் டியூபிலிருந்து வந்தபடியே கெட்டியான வெளிர் நிறத்தை வைத்தால் உட்கார்ந்துகொள்ளும். தலைகீழாகச் செய்தால், கீழே இருக்கும் கெட்டி வண்ணம் பிரஷில் ஏறி எல்லாம் சேறாகும். ஒரே இடத்தில் மூன்றாவது முறை பிரஷை இழுப்பதும் சேற்றுக்கே வழி. வைத்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். டர்பன்டைனை அளவுக்கு மீறி ஊற்றினால் வேறு தொல்லை: நிறமியைப் பிடித்துவைக்க எண்ணெய் போதாமல், காய்ந்தபின் விரலில் பொடியாக ஒட்டும்.

வெள்ளைப் பலகையில் நேரடியாகத் தொடங்காமல் இருப்பது நல்லது. வெள்ளைக்குப் பக்கத்தில் எந்த நிறமும் உள்ளதைவிட அடர்த்தியாகத் தெரியும். பர்ன்ட் சியன்னா எனும் செம்பழுப்பு நிற அக்ரிலிக் பெயிண்டைத் தண்ணீரில் நீர்க்கக் கலந்து முந்தின நாளே பூசிவைக்கலாம். அக்ரிலிக்கின் மேல் ஆயில் போகலாம். ஆயிலின் மேல் அக்ரிலிக் கூடாது. கேன்வாஸும் வண்ணம் கலக்கும் பேலட்டும் ஒரே நிழலில் இருக்க வேண்டும் என்பது இன்னும் முக்கியம். வெளிச்சத்தை அளக்கும் அலகில் சொன்னால், நேர் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். வீட்டுக்குள் சில நூறு லக்ஸ்தான். வெயில் விழும் பலகையில் சரியாகத் தெரிந்த நிறம் சுவரில் மாட்டியதும் கறுத்துப்போவது அதனால்தான். குடை வெள்ளையோ சாம்பலோ கறுப்போ இருக்கட்டும்; வண்ணக் குடை தன் சாயத்தைப் படத்திலும் இறக்கிவிடும்.

நாட்டுப்புறக் காட்சியில் ஆளைத் திணறடிப்பது பச்சைதான். ஒரு வாழை இலையை அருகில் போய்ப் பாருங்கள். வெயில் பின்னாலிருந்து ஊடுருவும் இடம் மஞ்சள் கலந்த பச்சையாக எரியும். வானத்தைப் பார்த்து மினுமினுக்கும் மேற்பரப்பில் பச்சையே குறைவு. வெளிறிய நீலச் சாம்பல்தான் அதிகம், ஏனென்றால் அது வானத்தின் பிரதிபலிப்பு. நிழலில் மடங்கிய பகுதி செம்மை தட்டிய கரும்பச்சை. ஒரே இலையில் மூன்று நிறங்கள் இருக்க, டியூப் பச்சையை அப்படியே அப்பினால் பிளாஸ்டிக் செடிதான் கிடைக்கும். அல்ட்ராமரின் நீலமும் லெமன் மஞ்சளும் கலந்தால் அடங்கிய பச்சை வரும்; அல்ட்ராமரின் ஊதாப் பக்கம் சாய்ந்தது, கொஞ்சம் சிவப்பையும் திருப்பி அனுப்புவது. அந்தச் சிவப்புதான் பச்சையின் கூச்சலை அடக்குகிறது. பச்சைப் பக்கம் சாய்ந்த தாலோ நீலத்தில் அதே மஞ்சளைக் கலந்தால் பளீரென்று வரும். அதை நெல் நாற்றங்காலுக்கு வைத்துக்கொள்ளலாம். நிழல் கலவையில் மட்டும் வெள்ளை சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். துளி சேர்ந்தாலும் சுண்ணாம்பு பூசினாற்போல் ஆகும்.

தொலைவு என்றதும் எல்லாவற்றிலும் நீலத்தைக் கலப்பது பரவலான தவறு. காற்று 450 நானோமீட்டர் நீல ஒளியை 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறடிக்கிறது. தொலைவிலுள்ள கரிய மரத்துக்கும் நமக்கும் நடுவே அந்தச் சிதறிய நீலம் வந்து சேர்வதால் மரம் நீலமாகத் தெரிகிறது. ஆனால் அதே தொலைவிலுள்ள வெள்ளைச் சுவர் தன் ஒளியிலிருந்து நீலத்தை இழப்பதால் லேசாக மஞ்சளிக்கிறது. ஆக, தொலைவில் அடர்நிறம் நீலமாகும், வெளிர்நிறம் மஞ்சள் பக்கம் சாயும். தூசியும் பனிமூட்டமும் மிகுந்த நாளில் மட்டும் எல்லாமே வெளுத்துப்போகும்.

பூச்சி வந்து ஒட்டினால் ஈரத்தில் நோண்ட வேண்டாம். காய்ந்தபின் ஊசியால் நெம்பினால் வந்துவிடும். வான்கோ 1889இல் வரைந்த ஆலிவ் மரங்கள் ஓவியமொன்றில் ஒரு வெட்டுக்கிளியின் உடல் 2017வரை கண்ணில் படாமலே இருந்தது. மழைத்துளி விழுந்தாலும் பதற வேண்டாம், ஒற்றி எடுத்தால் போதும். காய்ந்தபின் சில இடங்கள் பளபளப்பின்றி மங்கித் தெரிந்தால், அடிப்பூச்சு எண்ணெயை உறிஞ்சிவிட்டது என்று பொருள். அங்கே மட்டும் ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லிசாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடலாம்.

வீடு திரும்பியதும் முதல் வேலை, பிரஷ் துடைத்த துணி. எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் வெளிப்படுகிறது. பலகையில் அது பரவிக் கரைந்துவிடும். கசக்கிக் குவித்த துணிக்குள் போக வழியின்றிச் சேர்ந்துகொண்டே போய், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். துணியை வெளியே விரித்துக் காயப் போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் அமுக்கி மூடி வையுங்கள்.