கேஸ் மாத்திரையை நிறுத்தினால் நெஞ்சு ஏன் எரிகிறது?

அவருக்கு வயது 46. ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். மூன்று வருடங்களாகத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் பான்டோபிரசோல் 40 போடுகிறார். எங்கள் பக்கத்தில் அதற்குக் ‘கேஸ் மாத்திரை’ என்று பெயர். பல்வலிக்கு எழுதிய வலி மாத்திரைக்குத் துணையாக, ஐந்து நாளுக்குத்தான் அதை எழுதியிருந்தார்கள். பல்லைப் பிடுங்கியாயிற்று, வலி மாத்திரையும் நின்றது. துணைக்கு வந்தது மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது.

“மூணு தடவை நிறுத்திப் பாத்துட்டேன் டாக்டர். நாலாம் நாளே நெஞ்செரிச்சல் வந்துடுது. திரும்பப் போட்டா சரியாயிடுது. அப்ப எனக்கு அல்சர் இருக்குன்னுதானே அர்த்தம்?”

“பல்வலிக்கு முன்னாடி நெஞ்செரிச்சல் இருந்துச்சா?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். “இல்லையே.”

அந்த ‘இல்லையே’யைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வயிற்றின் உட்சுவரில் அமிலத்தை வெளியே தள்ளும் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. பான்டோபிரசோல், ஒமிபிரசோல், ரேபிபிரசோல் எல்லாம் அந்தப் பம்புகளை அடைத்துவிடும். அமிலம் குறையும். ஆனால் வயிற்றுக்கு மாத்திரையைப் பற்றித் தெரியாது. அமிலம் போதவில்லை என்பது மட்டும் அதற்குப் புரிகிறது. உடனே கேஸ்ட்ரின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரந்து, ‘இன்னும் அமிலம் வேண்டும்’ என்று கேட்கிறது. வாரக்கணக்கில் இப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தால், அமிலச் சுரப்பைத் தூண்டிவிடும் செல்கள் பெருத்து, எண்ணிக்கையிலும் கூடுகின்றன. மாத்திரை உள்ளே இருக்கும்வரை இதெல்லாம் வெளியே தெரியாது. நிறுத்தினால் பம்புகள் சில நாளில் வேலைக்குத் திரும்பிவிடும். கூடுதலாகச் சேர்ந்த செல்களோ சீக்கிரம் வீட்டுக்குப் போகாது. அந்தச் சில வாரம் வயிறு முன்பு எப்போதும் சுரக்காத அளவுக்கு அமிலத்தைச் சுரக்கும்.

டென்மார்க்கில் 2009-ல் வெளியான ஓர் ஆய்வை நோயாளிகளிடம் அடிக்கடி சொல்வேன். நெஞ்செரிச்சலே இல்லாத ஆரோக்கியமான 120 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 8 வாரம் இதே வகை மாத்திரையான எசோமெப்ரசோல் 40 மில்லிகிராம் கொடுத்து, பிறகு அவர்களுக்குத் தெரியாமல் வெற்று மாத்திரைக்கு மாற்றினார்கள். மற்றக் குழுவுக்கு 12 வாரமும் வெற்று மாத்திரைதான். கடைசி 4 வாரத்தில், நிஜ மாத்திரை சாப்பிட்டு நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல், புளியேப்பம் போன்ற தொல்லைகள் வந்தன. வெற்று மாத்திரைக் குழுவில் அது 15 சதவீதம். நோய் இல்லாதவர்களுக்கு, நோய்க்கான மருந்தை நிறுத்தியதால் அந்த நோயின் தொல்லையே வந்திருக்கிறது. ஜவுளிக்கடைக்காரர் மூன்று முறை தன்மேல் நடத்திப் பார்த்த சோதனையும் இதுதான். முடிவைத்தான் தப்பாகப் படித்துவிட்டார்.

பதினொன்றாம் வகுப்பு வேதியியலில் லீ சாட்லியர் தத்துவம் படித்தது பலருக்கு நினைவிருக்கும். 1884-ல் அந்தப் பிரெஞ்சு வேதியியலாளர் சொன்னது: சமநிலையில் இருக்கும் ஒரு வினையை நாம் கலைத்தால், அந்தக் கலைப்பைக் குறைக்கிற திசையில் அது நகரும். உடம்பும் அப்படித்தான் என்று மருத்துவக் கல்லூரியில் எளிதாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அந்த ஒப்புமையில் பாதிதான் சம்மதம். குடுவையில் இருக்கும் வினை நகர்ந்து கொடுக்கும், அவ்வளவுதான். உடம்போ எதிர்ப்பதற்காகப் புதிதாகச் செல்களையும், ஹார்மோன் போன்றவை வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகளையும் கட்டுகிறது. கட்டியதை இடிக்க நாள் பிடிக்கும். மருந்து போய்விட்ட பிறகும் எதிர்ப்பு மிச்சமிருப்பது அதனால்தான்.

காலை டீ தவறினால் மண்டை பிளக்கிறதே, அதுவும் இந்தக் கணக்குதான். மூளையில் அசதியை உண்டாக்கும் அடினோசினின் ஏற்பிகளைக் கஃபீன் அடைக்கிறது. மூளை அந்த ஏற்பிகளைக் கூட்டிக்கொள்கிறது. மூக்கடைப்புக்குப் போடும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தும் அப்படியே. நாலைந்து நாளைக்கு அருமையான மருந்து. அதைத் தாண்டினால், மருந்தின் வேகம் குறையும்போதெல்லாம் மூக்கு முன்பைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும். சொட்டு மருந்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு வருடக்கணக்காகத் தூங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சளி எப்போதோ போய்விட்டது.

இவையெல்லாம் தொந்தரவு, அவ்வளவே. இனிச் சொல்வது ஆபத்து.

மெட்டோப்ரோலால், ஏட்டனலால், ப்ராப்ரனலால் என்று முடியும் ‘லால்’ மாத்திரைகளை இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தருகிறோம். அவை இதயத்தில் அட்ரினலின் வந்து உட்காரும் இடத்தை மறைத்துக்கொள்கின்றன. இதயம் சளைக்காமல் அந்த இடங்களைக் கூட்டிக்கொள்ளும். காசிக்குப் போன ஒரு பெரியவர், கொண்டுபோன மாத்திரை தீர்ந்ததும் ‘ஊருக்குப் போய் வாங்கிக்கலாம்’ என்று விட்டுவிட்டார். திரும்பும் ரயிலில் மூன்றாம் நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், இறங்கி நேராக மருத்துவமனைக்குத்தான் போனார். அவருக்கு ஏற்கெனவே இதயக் குழாயில் அடைப்பு உண்டு. அப்படிப்பட்டவர்கள் இந்த மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் மாரடைப்பு வரைக்கும் போகலாம். ரத்த அழுத்தத்துக்குத் தரும் க்ளோனிடின் இன்னும் மோசம். நிறுத்திய ஒன்றிரண்டு நாளுக்குள் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும். இன்னொரு ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபினை நிறுத்தினால் இப்படித் துள்ளாது. அழுத்தம் மெல்லப் பழைய அளவுக்கு ஏறும். அதற்காக அதை நிறுத்தலாம் என்று நான் சொன்னதாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு அதிகம் பயம் ஸ்டீராய்டுதான்.

1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் எழ முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாளில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். 1950-ல் ஹென்ச் உள்பட மூவருக்கு நோபல் பரிசு. அந்த அதிசயம் இன்றும் எங்கள் ஊர்களில் நடக்கிறது, பொட்டலத்தில். மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் ‘பொடி’ என்று விற்பதில் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோனையோ பிரெட்னிசோலோனையோ அரைத்துக் கலந்திருப்பார்கள். இரண்டு நாளில் வலி பறந்துவிடும். பசி எடுக்கும். முகம் உருண்டையாகும். “உடம்பு தேறிடுச்சு” என்று வீட்டார் சந்தோஷப்படுவார்கள். அது தேறிய உடம்பு அல்ல. ஸ்டீராய்டின் முகம்.

நம் சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் தினமும் கார்டிசால் என்ற உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கின்றன. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வரத் தொடங்கியதும், மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி ‘போதும்’ என்று கட்டளையை நிறுத்திவிடும். வேலை இல்லாத சுரப்பி சுருங்கும். வயிற்றில் ஆள் கூடியது. இங்கே ஆள் குறைகிறது. உடம்பின் ஈடுகட்டல் இரண்டு வழியிலும் நடக்கும். மூன்று வாரத்துக்கு மேல் தினமும் சாப்பிட்டிருந்தால் இந்தச் சுருக்கத்தைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். பொடி விற்கிறவர் ஊர் மாறிப் போய்விட்டார், சாப்பிடுகிறவருக்குப் பொடி கிடைக்கவில்லை என்று வையுங்கள். தலைசுற்றல், வாந்தி, எழுந்து நின்றால் கண் இருட்டுவது, தாங்க முடியாத அசதி. அந்த நேரம் பார்த்துக் காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ வந்தால் உயிருக்கே ஆபத்து. நோய்த்தொற்றின்போது உடம்பு சாதாரண நாளைவிடப் பல மடங்கு கார்டிசால் சுரக்க வேண்டும். சுருங்கிய சுரப்பியால் அது முடியாது. பழையபடி விழித்துக்கொள்ள அதற்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடம்கூட.

அதனால் ஸ்டீராய்டு கலந்த பொடி சாப்பிட்டிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், பயந்துபோய் அன்றே தூக்கிப் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். பொட்டலத்தோடு அன்றே மருத்துவரிடம் வாருங்கள். திட்டுவார்கள் என்று மறைக்கவும் வேண்டாம். எத்தனை மாதம் சாப்பிட்டீர்கள் என்ற தகவல் எங்களுக்கு ரத்தப் பரிசோதனை அளவுக்கு முக்கியம். முறையான ஸ்டீராய்டை எழுதி, சுரப்பி விழிக்கும் வேகத்துக்கு ஏற்ப மெல்ல இறக்குவோம்.

நோய் திரும்பியதா, மருந்தை நிறுத்தியதால் உடம்பு துள்ளுகிறதா என்று எப்படிப் பிரிப்பது? துள்ளல் பெரும்பாலும் நிறுத்திய சில நாளுக்குள் வரும். சில சமயம் பழைய தொல்லையைவிடக் கடுமையாக இருக்கும், ஆனால் வாரங்கள் போகப் போகத் தானே தணியும். நோய் திரும்பினால் தணியாது. இதை வீட்டிலிருந்தே முடிவுகட்ட வேண்டாம். விழுங்கச் சிரமம், எடை குறைவது, கறுப்பாக மலம் போவது இவற்றில் ஏதாவது இருந்தால் துள்ளல் என்று காத்திருக்கவே கூடாது. எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டும். அதேபோல, ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களும், வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்தவர்களும், இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு கேஸ் மாத்திரையில் கை வைக்க வேண்டாம். அவர்களுக்கு அது காவல்.

குற்றத்தில் எங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எப்போது தொடங்க வேண்டும் என்று ஐந்து வருடம் படிக்கிறோம். எப்போது, எப்படி நிறுத்துவது என்பது பாடப் புத்தகத்தில் ஓரிரு பத்தி. என் பழைய சீட்டுகளிலேயே ‘தொடரவும்’ என்று எழுதி, எதுவரை என்று எழுதாதவை நிறைய இருக்கும்.

ஜவுளிக்கடைக்காரருக்கு 40-ஐ 20 ஆக்கினேன். இரண்டு வாரம் கழித்து ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு நிறுத்தம். இடையில் எரிந்தால் குடிக்க ஆன்டாசிட் ஜெல். நிறுத்திய பிறகு மூன்று வாரம்போல எரிச்சல் வரும், போகும், அது நோய் அல்ல என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்தேன். எனக்கென்னவோ அந்தப் பேச்சுதான் ஜெல்லைவிட நன்றாக வேலை செய்தது என்று தோன்றுகிறது. ஐந்தாம் வாரம் போன் செய்தார். எரிச்சல் இல்லையாம்; கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம், சாப்பிட நேரமில்லாத நாளில்கூட இல்லையாம்.

இப்போதெல்லாம் சீட்டில் மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் நிறுத்தும் தேதியையும் எழுதுகிறேன். போன மாதம் மருந்துக்கடைப் பையன் கூப்பிட்டான்: “சார், பதினெட்டாம் தேதி நிறுத்தணும்னு போட்டிருக்கீங்க. அப்ப மாத்திரை குடுக்கவா, வேண்டாமா?”