பெர்த்: படகுக்கும் ஆளுக்கும் ஒரே சொல்

'பெர்த்' என்றதும் நமக்கு ரயில்தான் நினைவுக்கு வரும். மேல் பெர்த், கீழ் பெர்த், பக்கவாட்டு பெர்த் என்று சொல்லிச் சொல்லி அது தமிழ்ச் சொல் மாதிரியே ஆகிவிட்டது. ஆனால் இது கடலில் பிறந்து, வெகுகாலம் கழித்துத் தண்டவாளம் ஏறிய சொல். வேகப் படகில் இரவு தங்குவதைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தபோது, அதன் முன்பக்கத்தில் இருக்கும், ஆங்கில 'V' எழுத்து வடிவப் படுக்கையான 'வி-பெர்த்'தை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கை நின்றுவிட்டது. படுக்கை என்று போட்டால் பாதிப் பொருள்தான் வருகிறது. மீதிப் பாதியைத் தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் குறிப்பு.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் 17ஆம் நூற்றாண்டில் எழுத்துக்கு வருகிறது. அப்போது அதற்குக் கட்டில், மெத்தை என்ற எண்ணமே இல்லை. ஒரு கப்பல் கரையிலோ பாறையிலோ இன்னொரு கப்பலிலோ முட்டாமல் அசைந்து திரும்பப் போதுமான நீர்வெளி, அதுதான் பெர்த். நங்கூரம் போட்ட கப்பல் காற்று மாறும்போதெல்லாம் கயிற்றின் நீளத்துக்கு வட்டமடிக்கும். அந்த வட்டத்துக்கு இடம் விடவேண்டும். 'வைட் பெர்த்' கொடுப்பது, அதாவது எட்ட ஒதுங்கிப் போவது என்ற வழக்கில் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. அப்புறம் துறைமுகத்தில் கப்பல் கட்டிக் கிடக்கும் இடத்துக்கும், 18ஆம் நூற்றாண்டில் மாலுமிகள் தங்கள் பெட்டிகளை வைத்துத் தங்கும் இடத்துக்கும் அதுவே பெயரானது. கப்பலில் கிடைக்கும் வேலையைக்கூட பெர்த் என்றார்கள். ஆள் நீட்டிப் படுக்கும் பலகை என்ற பொருள் இந்த வரிசையில் பின்னால் வந்து சேர்ந்தது.

வேர்? சுமத்தல், ஒரு திசை நோக்கிச் செல்லுதல் என்றெல்லாம் பொருள்படும் 'பேர்' என்ற ஆங்கில வினையோடு, 'ஹெல்த்', 'ஸ்ட்ரெங்த்' ஆகியவற்றின் கடைசியில் வரும் அதே ஈறு சேர்ந்து உண்டாகியிருக்கலாம் என்பது சொல்லாய்வாளர்களிடையே பரவலான கருத்து. பிறப்பைக் குறிக்கும் 'பர்த்' வேறு சொல். ஆனால் அதுவும் சுமத்தல் என்ற அதே பழைய வேரின் குடும்பம்தான்.

சரி, வேகப் படகுக்கு வருவோம். படகு நிற்கும் இடம், ஆள் படுக்கும் இடம் என்ற இந்தச் சொல்லின் இரண்டு பொருள்களும் அங்கேதான் ஒன்றோடொன்று உரசுகின்றன. 1960இல் அமெரிக்காவின் மயாமியிலிருந்து பஹாமாஸின் நசாவு வரை நடந்த விசைப்படகுப் பந்தயத்தில், கொந்தளித்த கடலில் 'மாப்பி' என்ற 30 அடி மரப்படகு முதலில் வந்தது. ரே ஹண்ட் வடிவமைத்தது, டிக் பெர்ட்ராமுடையது. அதன் அடிப்பகுதி தட்டையாக இல்லாமல், நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் சுமார் 24 பாகை சாய்வில் ஏறியது. பின்முனை வரைக்கும் அந்த 'வி' வடிவம் மாறவில்லை. அலையில் தட்டென்று விழாமல் வெட்டிக்கொண்டு இறங்கியதால் மற்றப் படகுகள் வேகத்தைக் குறைத்த இடத்திலும் அது ஓடியது. அதற்குப் பிறகு வந்த கடல் வேகப் படகுகளில் பெரும்பாலானவை இந்த ஆழ்-வி வடிவத்தின் வழிவந்தவை.

அந்த வடிவத்துக்குள் ஆள் படுப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். படகின் முன்பகுதியை மீனவர் வழக்கில் அணியம் என்றும் பின்பகுதியை அமரம் என்றும் சொல்வார்கள். ஓடாமல் நிற்கும் படகில் ஆட்டம் குறைவாக இருப்பது நடுவும் அமரத்தை ஒட்டிய பகுதியும்தான். தூங்குவதற்கு நல்ல இடம் அதுவே. ஆனால் வேகப் படகில் அந்த இடத்தை இயந்திரங்கள் எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சுவது அணியம். அங்கே பக்கச் சுவர்கள் இரண்டும் கூடிக்கொண்டே போகும். மெத்தையும் அதே கோணத்தில்தான் வெட்டப்பட்டிருக்கும். தலைப்பக்கம் தோள் விரிக்க இடம் இருக்கும், காலடியில் இருவரின் பாதங்களும் ஒன்றோடொன்று இடிக்கும். 'வி' கீழே குறுகுவதால், அகலம் வேண்டுமென்றால் மெத்தையை உயரத்தில் போடவேண்டும். உயர்த்தினால் கூரை மூக்குக்கு நேரே வந்துவிடும். நள்ளிரவில் ஒருவர் எழுந்திருக்க வேண்டுமானால் உட்கார்ந்தபடியே பின்னோக்கி நகர்ந்து இறங்கவேண்டும். விடியும் நேரத்தில் இரண்டு பேரின் மூச்சும் கூரையில் குளிர்ந்து துளியாகத் தொங்கும். சாளர மூடியை ஒரு விரல் அளவாவது திறந்து வைக்காவிட்டால் அது முகத்தில்தான் சொட்டும். காதுக்கு ஓரிரு அங்குலம் தள்ளி, சுவருக்கு அந்தப்பக்கம், சிற்றலை விடாமல் தட்டிக்கொண்டிருக்கும்.

வசதியைக் கூட்டினால் என்ன ஆகும்? நன்னீர் 100 லிட்டர் ஏற்றினால் 100 கிலோ. குளிர்சாதனம் வைத்தால் அதற்கு மின்னாக்கி, அதற்கு எரிபொருள். நீரின் மேல் எழும்பிச் சறுக்கும் படகின் வேகம், குதிரைத்திறனை எடையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வருவதன் விகிதத்தில் ஏறக்குறைய மாறும். படகு வடிவமைப்பாளர் ஜார்ஜ் கிரவுச்சின் பெயரில் வழங்கும் சூத்திரம் இது. இதன்படி, 60 நாட் (மணிக்கு 60 கடல் மைல்) வேகத்தில் ஓடும் படகின் எடை பத்து விழுக்காடு கூடினால் 57 நாட் ஆகும். பலர் பயப்படுகிற அளவுக்கு இது பெரிய இழப்பு இல்லை என்பேன். ஓடும் படகைவிட நிற்கும் படகுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. மின்னாக்கியையோ இயந்திரத்தையோ ஓடவிட்டுத் தூங்கினால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு அறைக்குள் வரலாம். அதற்கு நிறமில்லை, மணமில்லை. பக்கத்தில் கட்டிய படகிலிருந்தும் வரும். அதை உணர்ந்து ஒலிக்கும் கருவி இல்லாத படகில் யாரும் கண்ணயரக் கூடாது. குளிர்சாதனம் இல்லாத இரவு புழுக்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

இப்போது தமிழ்ச் சொல். படுக்கை என்றால் மெத்தை மட்டும், கப்பல் விடுபட்டுப் போகிறது. கட்டில் என்றால் நான்கு கால் வேண்டும். பள்ளி என்பது உறங்குமிடத்துக்கான அழகான பழஞ்சொல், பள்ளியறையில் இன்னும் இருக்கிறது. ஆனால் இன்று 'படகுப் பள்ளி' என்றால் படகோட்டச் சொல்லித்தரும் இடம் என்றுதான் நினைப்பார்கள். துறைமுகச் செய்திகளில் 'கப்பல் தளம்' என்று எழுதுகிறோம். தளம் ஏற்கெனவே மேல்தளம், தரைத்தளம், இணையதளம் என்று தாங்கமுடியாத சுமையோடு இருக்கிறது.

நான் முன்வைக்கும் சொல் கிடை. கிடத்தல் என்ற வினையிலிருந்து வருவது. ஆள் கிடப்பான், கப்பலும் நங்கூரமிட்டுக் கிடக்கும். தமிழில் இரண்டுக்கும் ஒரே வினைதான். ஆட்டுக்கிடை என்றால் மந்தை இரவு தங்கும் இடம். ஒரே இடத்தில் நிலையாக இல்லாமல் இன்று இந்த வயல், சில நாள் கழித்து வேறு வயல் என்று மாறும் தங்கல் அது. படகின் இரவுக்கு இதைவிடப் பொருத்தமான ஒப்பு எனக்குத் தெரியவில்லை. கிடைமட்டம் என்ற சொல்லிலும் நீட்டிப் படுத்த நிலைதான் இருக்கிறது.

'கிடையாய்க் கிடக்கிறார்' என்று நோயாளியைச் சொல்கிறோமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்று பெருமாளுக்குச் சொல்வதும் இதே வினையைக் கொண்டுதான், அதுவும் பாற்கடலின் மேல். எனக்கு அந்தக் கிடப்பு போதும்.

வி-பெர்த்தை அணியக் கிடை என்றும், சில நீண்ட படகுகளில் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் நுழைந்து பின்னோக்கிப் போகும் படுக்கையை அமரக் கிடை என்றும் சொல்லலாம். கப்பல் நிற்குமிடம் கப்பல் கிடை.

இந்தச் சொல் வந்தபிறகு வேகத்துக்கும் வசதிக்கும் இடையிலான அந்தப் பழைய இழுபறியே எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. ஆழ்-வி படகு ஓடும்போது உறுதியானது, நிற்கும்போது இடவலமாக உருளும். ஆகவே அணியக் கிடையில் எவ்வளவு நல்ல மெத்தை போட்டாலும், படகின் கிடை திறந்த கடலில் இருந்தால் தூக்கம் வராது. மறைவான நீர்ப்பரப்பு கிடைத்துவிட்டால் சுமாரான மெத்தையும் போதும். வேகத்தின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது: இருட்டுவதற்குள் அடுத்த தீவின் காற்று மறைவுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். பயணக் குறிப்பேட்டில் 'இன்றைய கிடை: தீவின் கிழக்கு மறைவு, ஆழம் 4 மீட்டர், மணல் தரை' என்று ஒரு வரி எழுதினால், படகு எங்கே கிடந்தது, ஆட்கள் எப்படிக் கிடந்தார்கள் என்ற இரண்டுமே அதில் வந்துவிடும்.