நெட்வொர்க் அட்டை தன் முகவரியை எங்கே வைத்திருக்கிறது?

கணினியின் வன்வட்டை மாற்றி, இயக்க முறைமையைப் புதிதாக நிறுவிய பிறகும் நெட்வொர்க் அட்டையின் மேக் முகவரி, அதாவது வலைப்பின்னலில் அதை அடையாளம் காட்டும் எண், பழையபடியே இருக்கும். மின்சாரம் நின்றாலும் அழியாத சிறு நினைவகம் ஒன்றில் அது எழுதப்பட்டிருப்பதே காரணம். பழைய இன்டெல் அட்டைகள் பலவற்றில் இதற்கென ஈ.ஈ.பி.ரோம் என்னும் தனிச் சில்லு இருந்தது. அவ்வகையில் பரவலாகப் பயன்பட்ட 93சி46 சில்லின் கொள்ளளவு 1,024 பிட்டுகள் மட்டுமே, அதாவது 16 பிட் கொண்ட 64 சொற்கள்.

முதல் மூன்று சொற்களில் 48 பிட் மேக் முகவரி இருக்கும். அடுத்து வருபவற்றில், சாதனம் எது என்று இயக்க முறைமைக்குச் சொல்லும் அடையாள எண்கள், விளக்குகள் எரிய வேண்டிய விதம், உறங்கும் கணினியை வலைப்பின்னல் வழியாக எழுப்பலாமா என்பது போன்ற அமைப்புகள் இடம்பெறும். மின்சாரம் வந்தவுடன், அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஏற்றப்படுவதற்கு முன்பே, அட்டையின் கட்டுப்படுத்தி இவற்றைத் தானாகப் படித்துக்கொள்கிறது. அடையாள எண் சிதைந்திருந்தால், சரியான டிரைவர் கையில் இருந்தும் அட்டை எதுவென்று இயக்க முறைமைக்குத் தெரியாது.

கடைசிச் சொல் சரிபார்ப்புக்கு உரியது. 64 சொற்களையும் கூட்டி, வரும் தொகையில் கடைசி 16 பிட்டுகளை மட்டும் எடுத்தால் 47,802 கிடைக்க வேண்டும் என்பது இன்டெல் வைத்த விதி. பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் அது ‘பிஏபிஏ’ என்று எழுதப்படும். கூட்டல் பொருந்தாவிட்டால் லினக்ஸ் இயக்க முறைமையின் டிரைவர் அட்டையை இயக்கவே மறுத்துவிடும்.

பின்னர் வந்த இன்டெலின் ஐசிஎச்8 வகைச் சில்லுத்தொகுப்புகளில் தனிச் சில்லு போய், கணினியைத் தொடக்கும் நிரலான பயாஸ் இருக்கும் அதே ஃபிளாஷ் நினைவகத்தில் நெட்வொர்க்குக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. ஃபிளாஷில் 1 என்ற பிட்டை 0 ஆக்குவது எளிது. 0 ஐ மீண்டும் 1 ஆக்கவோ ஒரு தொகுதி முழுவதையும் அழித்தாக வேண்டும். அழித்த கணத்தில் மின்சாரம் நின்றால் முகவரியே போய்விடும் என்பதால், தரவுக்கு இரண்டு அறைகள் வைத்தார்கள். பயன்பாட்டில் இல்லாத அறையை டிரைவர் அழித்து, புதிய தரவு முழுவதையும் அங்கே எழுதி முடித்த பிறகே, ‘இது செல்லும்’ என்று காட்டும் குறியில் ஒரே ஒரு பிட்டை 1 இலிருந்து 0 ஆக்குகிறது. பழைய அறையின் குறியை நீக்குவது அதற்கும் பிறகுதான். எந்தப் படியில் தடைபட்டாலும் முழுமையான ஒரு பிரதி எஞ்சும்படி வரிசையை அமைத்திருப்பது, என் பார்வையில், இந்த ஏற்பாட்டின் மிகச் சிறந்த கூறு.

ஆனால் இந்தக் கவனமெல்லாம் முறைப்படி எழுதுபவரை நம்பியது. 2008 இல் லினக்ஸ் 2.6.27 இன் சோதனைப் பதிப்புகளை இயக்கியவர்கள் சிலருடைய அட்டைகளில் இந்தத் தரவு சிதைந்தது. பழி முதலில் இந்த அட்டைகளுக்கான இ1000இ டிரைவர் மீது விழுந்தது. உண்மைக் காரணம், இயக்க முறைமையின் மையமான கர்னலின் செயற்கூறுகளைப் பின்தொடரும் எஃப்டிரேஸ் என்ற வசதி. நினைவகத்திலிருந்து விடுவிக்கப்பட்டுவிட்ட நிரல்பகுதியின் நினைவக முகவரியை அது இன்னும் நினைவில் வைத்திருந்தது. அதே முகவரியில் பின்னர் ஃபிளாஷ் பகுதி பொருத்தப்பட்டிருந்தபோது, நிரல் என்று எண்ணி அங்கே எழுதியது.

அதன்பின், டிரைவர் ஏற்றப்படும்போதே ஃபிளாஷின் அந்தப் பகுதியை எழுத முடியாதபடி பூட்டும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. பூட்டு வன்பொருளிலேயே விழுவதால், ஒருமுறை பூட்டியதை டிரைவராலும் திறக்க முடியாது. கணினியை முழுவதுமாக அணைத்து, பூட்ட வேண்டாம் என்ற அமைப்புடன் டிரைவரை ஏற்றினால்தான் மீண்டும் எழுத முடியும்.