பிரிட்ஜில் வைத்த தாய்ப்பால் ஏன் சவர்க்காரம் மணக்கிறது?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஓர் இளம் தாய் கேட்டிருக்கிறார். கிண்ணியாவில் ஆசிரியை. விடியற்காலையில் பாலைப் பிழிந்தெடுத்து, போத்தலில் ஊற்றி, பிரிட்ஜில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறார். பகலில் அதை இளஞ்சூடாக்கிக் கொடுப்பது அம்மம்மாவின் பொறுப்பு. போன கிழமை அம்மம்மா மூடியைத் திறந்து மணந்து பார்த்திருக்கிறார். சவர்க்கார மணம். "போத்தல் சரியாக் கழுவேல்ல போல" என்று அவ்வளவையும் தொட்டியில் ஊற்றிவிட்டார். போத்தலை நன்றாக அவித்தெடுத்த பிறகும் அதே மணம். பால் கெட்டுவிட்டதா என்பது கேள்வி.

பெரும்பாலும் கெட்டிருக்காது. போத்தலிலும் குற்றமில்லை.

பிழிந்த பால் எங்கே எவ்வளவு காலம் தாங்கும் என்ற தெரிந்த கணக்கை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். 25 பாகை செல்சியசுக்கு மேற்படாத அறையில் 4 மணி நேரம், 4 பாகை பிரிட்ஜில் 4 நாள், உறைபெட்டியில் 6 மாதம். உருகியதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. குழந்தை குடித்து மிஞ்சியதை 2 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இதில் அந்த 25 பாகைதான் நமக்கு உதைக்கிறது. கச்சான் காற்று வீசும் காலத்தில் திருகோணமலையில் மத்தியானம் 33, 34 என்று போகும். ஆகவே மேசையில் வைக்கும் பேச்சே வேண்டாம். எடுத்த கையோடு பிரிட்ஜ். பள்ளிக்கூடத்தில் எடுத்தால் ஐஸ் கட்டியோடு ஒரு குளிர்ப்பை.

சரி, மணத்துக்கு வருவோம். பால் சுரக்கும் கலம் ஒவ்வொன்றும் தனக்குள் கொழுப்புத் துளிகளைத் திரட்டுகிறது. துளி கலத்தின் விளிம்புக்கு வந்து வெளியே பிதுங்கும்போது, கலத்தின் மென்சவ்விலேயே ஒரு துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு பிரிகிறது. தாயின் கலமென்சவ்வை உடுத்திய, ஏறக்குறைய 4 மைக்ரோமீற்றர் அளவுள்ள உருண்டைகள். நீரை விடப் பாரம் குறைந்தவை என்பதால் இவை மெல்ல மேலே ஏறி ஆடையாக நிற்கும். போத்தலில் இரண்டு படையாகத் தெரிவது இதுதான். மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும்.

உருண்டைக்குள் இருப்பது ஒரு கிளிசரோலோடு மூன்று கொழுப்பமிலங்கள் கோத்த மூலக்கூறுகள். அந்தக் கோர்வையை வெட்டும் நொதியம் லிப்பேஸ். தாய்ப்பாலில் அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தாயின் இரத்தத்திலுள்ள கொழுப்பை மார்புக்குள் எடுக்க உதவும் நொதியம். அதில் கொஞ்சம் பாலோடு கசிந்து வந்துவிடுகிறது. வந்த இடத்திலும் அது சும்மா இருப்பதில்லை. 4 பாகைக் குளிரிலும் வெட்டும், சாதாரண உறைபெட்டியின் -20 பாகையிலும் மெதுவாக வெட்டும். -70 வரை போனால்தான் அடங்கும். உறைந்து உருகும்போது உருண்டையின் போர்வை கிழிவதால் வேலை இன்னும் சுலபம். வெட்டுப்பட்டு விழும் அமிலங்களில் ஒன்று லோரிக் அமிலம். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி அதுதான். தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரமும் அதன் உப்புத்தான். அம்மம்மாவின் மூக்கு பிழை சொல்லவில்லை.

2010 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 4 நாள் பிரிட்ஜில் இருந்த தாய்ப்பாலில் இந்தத் தனி அமிலங்கள் மூன்று மடங்குக்கு மேல் கூடியிருந்தன, கிருமிகள் பெருகியிருக்கவில்லை. இந்த அமிலங்களே சில கிருமிகளைக் கொல்லக்கூடியவை.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாவது லிப்பேஸ். போத்தலில் அது தூங்குகிறது. பித்த உப்பு பட்டால்தான் விழிக்கும். பாலில் பித்தம் ஏது? குழந்தையின் சிறுகுடலில் இருக்கிறது. பிறந்த குழந்தையின் சதையி (கணையம்) போதிய லிப்பேஸ் சுரக்க மாதக்கணக்காகும். அதுவரைக்கும் கொழுப்பையும் அனுப்பி, அதை வெட்டும் கத்தியையும் உறையிலிட்டுத் தாயே அனுப்பி வைக்கிறாள். இரைப்பையின் அமிலத்தையும் தாண்டிப் போய், போக வேண்டிய இடத்தில்தான் அது திறக்கிறது.

பாலை அடுப்பில் கொதிக்க வைக்காதே என்று சொல்வது இதனால்தான். தாய்ப்பால் வங்கிகளில் தானப் பாலைக் கிருமி நீக்க 62.5 பாகையில் 30 நிமிடம் வைக்கிறார்கள். அதற்கே இந்த நொதியம் செயலிழந்துவிடும். மைக்ரோவேவ் இன்னும் மோசம், ஓரிடம் கொதிக்க மற்றொரு இடம் குளிர்ந்திருக்கும், வாய் வெந்துபோகும். கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீர் கைக்கு எப்படி இதமாகச் சுடுமோ அந்தச் சூட்டில் ஒரு பாத்திரத் தண்ணீர், அதற்குள் போத்தல், அப்புறம் மணிக்கட்டில் ஒரு சொட்டு. சுவரில் ஒட்டிய கொழுப்பும் அந்தச் சூட்டில் இளகி வரும். கொடுப்பதற்கு நம் குடும்பநல உத்தியோகத்தர்கள் சின்னக் கோப்பையைத்தான் சொல்வார்கள். சூப்பியின் இடுக்கைக் கழுவிப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும்.

வெயிலில் வந்த தாய்க்குப் பால் சூடாகிவிடும், முதல் பாலைப் பிழிந்து ஊற்றிவிட்டே கொடுக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. உடம்பு 37 பாகையில்தான் நிற்கிறது, பாலும் அப்படியே. வேலைக்குப் போகும் பெண் கஷ்டப்பட்டுச் சேர்த்ததை இப்படிக் கொட்ட வைப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்கிற நாட்டில் முழுச் சம்பளத்தோடு பிரசவ விடுமுறை 84 வேலை நாள். மிச்சத்தைத் தள்ளுவது இந்தப் போத்தல்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பசுப்பாலில் லிப்பேஸ் காறல் மணம் கொண்டுவருவதால் பாற்பண்ணைத் தொழில் அதைப் பல பத்தாண்டுகளாகத் துருவித் துருவி ஆராய்ந்திருக்கிறது. தாய்ப்பாலில் விற்றுக் காசாக்க அவ்வளவாக எதுவுமில்லை. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது, பிரயோக விஞ்ஞான பீடமும் இருக்கிறது. நம் அறைச் சூட்டில் பால் எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று அளக்கப் பெரிய பணம் தேவையில்லை.

மணத்தைக் குழந்தை பொருட்படுத்தாமல் குடித்தால் எதுவும் செய்ய வேண்டாம். முகத்தைத் திருப்பினால் ஒரு வழி உண்டு: புதிதாக எடுத்த பாலை, ஓரத்தில் சிறு குமிழ் வரும்வரை மட்டும் சூடாக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் ஆறவைத்துச் சேமிக்கலாம். வெட்டும் நொதியம் அடங்கிவிடும். கூடவே அந்த இரண்டாவது லிப்பேசும் போய்விடும், அது தெரிந்தே கொடுக்கும் விலை. மணம் வந்துவிட்ட பாலுக்கு இது உதவாது. வெட்டுப்பட்ட அமிலங்கள் திரும்ப ஒட்டா.